தலையை உருட்டிக் குளிக்க ஊற்றினால் சரியாகிவிடாதா? (நாலு மாதப் பையன், பாலக்கோடு)

2024 ஜூன் 9, இரவு 10.40 | கேள்வி

பையனுக்கு நாலு மாதம். தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கிறது. சேலத்தில் காட்டினோம். மண்டை ஓட்டில் உச்சித் தையல் முன்கூட்டியே மூடிவிட்ட மாதிரி இருக்கிறது, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஆபரேஷன் வரைக்கும் போகலாம் என்கிறார் டாக்டர். எங்கள் பாட்டி ஒன்பது பிள்ளைகளுக்குத் தலை உருட்டிக் குளிக்க ஊற்றியவர். "விளக்கெண்ணெய் வெச்சு தினம் உருட்டுனா ஆறு மாசத்துல தேங்கா மாதிரி ஆயிடும், மண்டையைத் தொறக்கறதெல்லாம் காசு புடுங்கற வேலை" என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2024 ஜூன் 10, காலை 5.50

சரியாகாது தம்பி. எங்கள் வீட்டில் நாலு மாதம் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் சின்னவனுக்கு இதே தலை. 2021 நவம்பரில் பிறந்தான், 2022 ஆகஸ்டில் பெங்களூரில் ஆபரேஷன். இப்போது ரெண்டரை வயது தாண்டிவிட்டது. என் பாபின் டப்பாவைக் கவிழ்ப்பதுதான் அவனுக்கு முழுநேர வேலை.

பிறக்கும்போது மண்டை ஓடு ஒரே துண்டு கிடையாது. பல துண்டு, நடுநடுவே தையல். முதல் வருஷத்தில் மட்டும் மூளை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகிறது, அதற்கு இடம் விடத்தான் அந்தத் தையல்கள். பெண் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை தைக்கும்போது அடியில் ரெண்டு டக் பிடித்து விடுவோமே, பிள்ளை வளர வளரப் பிரித்துவிட, அது மாதிரி. என் பையனுக்கு உச்சியில் முன்னிருந்து பின்னால் போகிற டக்கை யாரோ ஓவர்லாக் அடித்து வைத்துவிட்டார்கள். தலை அகலமாக வழியில்லை. மூளை சும்மா இருக்குமா, இடம் கிடைத்த பக்கம் தள்ளும். நெற்றி முன்னால் வந்தது, பின்மண்டை பின்னால் போனது. வெளியிலிருந்து என்ன உருட்டினாலும் மூடின தையல் பிரியாது.

இதற்குப் பேர் கிரேனியோசினோஸ்டோசிஸ். வாயில் நுழைய எனக்கு ஒரு வாரம் ஆனது. 2000, 2500 பிள்ளைகளில் ஒன்றுக்கு வருமாம், அதிலும் பாதிப் பேருக்கு இந்த உச்சித் தையல்தான். ஆண் பிள்ளைகளுக்கு அதிகம்.

கரண்ட் போகப்போகிறது. மீதி அப்புறம்.

ஜூன் 10, மதியம் 1.15

ஒன்று விட்டுப்போனது. உச்சிக்குழியைத் தொட்டுப் பாருங்கள். சீக்கிரமே மூடியிருந்தால் அதுதான் அடையாளம்.

ஜூன் 11, காலை 6.30

மேலே உச்சிக்குழி பற்றி எழுதினது தப்பு. நேற்று ராத்திரி பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சின்னவனுக்கு ஏழாம் மாதத்தில்கூட உச்சிக்குழி திறந்துதான் இருந்திருக்கிறது. அது திறந்திருக்கிறது என்பதை வைத்தே நாங்கள் முதலில் காட்டின டாக்டர் "ஒண்ணுமில்லம்மா, போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவைத்தார். குழி திறந்திருந்தாலும் அதற்குப் பின்னால் தையல் மூடியிருக்கலாம் என்று பெங்களூரில்தான் சொன்னார்கள். அந்த டாக்டர் செய்த அதே தப்பை ரெண்டு வருஷம் கழித்து நானும் செய்திருக்கிறேன் பாருங்கள்.

கையால் பார்க்க வேண்டியது வரப்பு. எண்ணெய் வைக்கும்போது நடு உச்சியில் விரலை முன்னிருந்து பின்னால் இழுத்தால், வயலில் வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டும். ஒன்றரை மாதத்திலேயே எனக்குத் தட்டியது. ஜாக்கெட்டுக்குள் மடித்து அடித்த பட்டி மாதிரி. ஸ்கேனுக்கு முன்பே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் நம்பவில்லை.

ஜூன் 11, இரவு 9.20

"டேப் வைத்து அளந்தால் தெரியாதா, நீங்கதான் டெய்லராச்சே" என்று கிண்டலாக ஒருவர் கேட்டிருக்கிறார். அளந்தேன் சார். வாராவாரம் அளந்தேன். கெட்டதே அதில்தான்.

பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ., ஒரு வயதில் சுமார் 46. நர்ஸம்மா கொடுத்த அட்டையில் சின்னவனின் புள்ளி எப்போதும் நல்ல இடத்திலேயே விழுந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் மேலேயே. சுற்றளவு சரியாக இருக்கிறதே என்று நானும் இருந்துவிட்டேன். அட, 36 சுற்று உள்ள ரெண்டு பேருக்கு ஒரே ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். ஒருத்திக்குச் சிக்கென்று இருக்கும், இன்னொருத்திக்கு முதுகில் தூக்கும். இருபது வருஷமாக இதைச் சொல்லித்தான் பிழைக்கிறேன், என் பிள்ளை தலைக்கு மட்டும் மறந்துவிட்டேன்.

பார்க்க வேண்டியது அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள கணக்கு. கவைக்கோல் மாதிரி ஒரு கருவியால் அளந்தார்கள். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். சாதாரணமாக 75லிருந்து 85க்குள் வரும் என்றார்கள். எங்களுக்கு வந்தது 66.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். என் டேப்பே தப்பு. எட்டு வருஷம் இழுத்து இழுத்து நீண்டுபோயிருந்தது. ஆஸ்பத்திரி டேப்பில் 45 வந்தால் என் டேப்பில் 44 சொச்சம். அந்த எட்டு வருஷத்தில் என்னிடம் ஜாக்கெட் தைத்தவர்கள் மன்னிக்கவும்.

ஜூன் 13, மதியம் 2.00

டாக்டர் எங்கள் அத்தையிடம் (மாமியார்) "படகு மாதிரித் தலைம்மா, அப்படித்தான் இதுக்குப் பேரு" என்று விளக்கினார். அத்தை வாழ்க்கையில் ஏறின ஒரே படகு ஒகேனக்கல் பரிசல். "பரிசலு வட்டமாத்தானே சாமி இருக்குது, அப்புறம் என்ன கொறை?" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் ஆஸ்பத்திரியில் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஜூன் 14, இரவு 10.05

ஓசூர்க்காரம்மாவுக்கு: உங்கள் பாப்பாவுக்குப் பின்னந்தலை ஒரு பக்கம் மட்டும் தட்டை என்கிறீர்கள். அது வேற கதையாக இருக்கலாம், பயப்படாதீர்கள். ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்தால் வருகிற தட்டை அது. அந்தப் பிள்ளைகளும் நாங்கள் போன அதே ஓ.பி.யில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் தட்டையான பக்கத்துக் காது கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும், அந்தப் பக்கத்து நெற்றியும் லேசாக முன்னால் வந்திருக்கும், வரப்பு தட்டாது. அதற்கு ஆபரேஷன் கிடையாது. முழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், தொட்டிலில் தலை வைக்கும் திசையை மாற்றுங்கள். தூங்கும்போது மல்லாக்கத்தான். கழுத்து ஒரு பக்கமாக இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள்.

நான் டாக்டரா என்று கேட்டவருக்கு: இல்லை. பன்னிரண்டாவது. அந்த ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தைக் கணக்குப் போட்டால் ஒரு டிகிரி வரும். குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டத்தான் சொல்கிறேன், என்னை நம்பி வீட்டில் வைத்திருக்கச் சொல்லவில்லை.

ஜூன் 16, மதியம் 3.30

தம்பி, ஸ்கேனுக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று பார்த்தேன். நல்லது. முப்பரிமாணப் படம் ஒன்று தருவார்கள், மண்டை ஓட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டும். பாட்டியையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மற்ற தையல்கள் எல்லாம் கோணல்மாணலாகக் கோடு கோடாகத் தெரியும், உச்சியில் மட்டும் வழவழவென்று கோடே இருக்காது. எங்கள் அத்தை அதைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார்.

கேட்க மறக்காதீர்கள்: சின்னக் கீறல் போட்டு, எண்டோஸ்கோப் வைத்து, மூடின எலும்பை மட்டும் ஒரு பட்டையாக எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. அதைச் சின்னதிலேயே, மூன்று நாலு மாதத்தில் செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனால் பொதுவாக அது எடுபடாது. அப்புறம் தலை வடிவாக வளரப் பல மாதம் ஹெல்மெட், குளிக்கிற நேரம் தவிர நாள் பூரா. உங்கள் பையனுக்கு நாலு மாதம் என்பதால் சொல்கிறேன். நாங்கள் போய்ச் சேரும்போது அந்தக் கதவு சாத்திவிட்டது. எங்களுக்குக் காதிலிருந்து காது வரைக்கும் திறந்து, எலும்பைக் கழற்றி, வெட்டி, வேறு மாதிரி வைத்துக் கட்டுகிற பெரிய ஆபரேஷன்.

ஜூன் 18, இரவு 11.10

மொட்டை பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன், நாங்கள் செய்த மாதிரிச் செய்யாதீர்கள்.

முதல் தேதி ஜூலையில். மாங்காய் சீசன், வீட்டுக்காரர் டெம்போவில் கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கிற நேரம். வண்டியை நிறுத்திவிட்டு, ரத்தம் கொடுக்க மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, டோல்கேட்டில் பணம் கட்டி (கிருஷ்ணகிரிக்கு ரயில் வரும் வரும் என்கிறார்கள், எங்கள் காலத்தில் ரோடுதான்) போய் இறங்கினால், பையனுக்குச் சளி. மயக்க மருந்து டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு மூன்று வாரம் கழித்து வாங்க என்றார். அப்படியே திரும்பினோம்.

வந்த இடத்தில் அத்தை பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எப்படியும் முடியை எடுப்பார்கள், முதல் முடி குலதெய்வத்துக்குப் போகாமல் குப்பைக்கூடைக்குப் போவதா? எனக்கும் அது நியாயமாகப்பட்டது, இப்போதும் படுகிறது. போச்சம்பள்ளி பக்கம் எங்கள் கோயில். என் அண்ணன் மடியில் உட்காரவைத்து மொட்டை. மழித்துக்கொண்டே வந்தவர் உச்சிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வரப்பைத் தொட்டுப் பார்த்தார். "என்னம்மா இது" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கை நடுங்கினதில் ரெண்டு இடத்தில் கீறிவிட்டது. புள்ளி அளவு ரத்தம், மஞ்சள் வைத்தோம், சந்தனம் பூசினோம்.

பத்து நாள் கழித்து அட்மிஷன். சர்ஜன் தலையைத் தடவினவர் அந்த ரெண்டு கீறலில் நின்றுவிட்டார். கத்தி வைக்கப் போகிற தோலில் கீறல் இருந்தால் கிருமி நுழைய அதுவே வழி என்றார். திரும்பவும் தள்ளிப்போடலாமா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நல்லவேளை ஆறியிருந்தது. மொட்டை போடுவதானால் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள், அல்லது ஒரு கொத்து முடியைக் கத்தரிக்கோலால் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. சாமிக்கு அளவு டேப் கிடையாது.

ஜூன் 20, அதிகாலை 4.40

தூக்கம் வரவில்லை. அந்த நாளை எழுதிவிடுகிறேன்.

தாய்ப்பால் நாலு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். எட்டு மணிக்குத் தியேட்டர், அதனால் மூன்றே முக்காலுக்குக் கடைசிப் பால். ஆறு மணிக்கு முழித்துக்கொண்டான். என் வாசனை பட்டால் விடமாட்டான் என்று நர்ஸ் என்னை வராண்டா கோடிக்கு அனுப்பிவிட்டார். அவன் அழுகிறான், இங்கே என் ஜாக்கெட் நனைகிறது. வீட்டுக்காரர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். போகிற வருகிற ஒவ்வொரு தடவையும் நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன், சொந்தப் பிள்ளைக்குக் கடன்காரி மாதிரி.

தியேட்டர் வாசலில் பச்சை கவுன் போட்டார்கள். நாலு பிள்ளை நுழைகிற அளவு. பின்னால் நாடாவை ரெண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு ரெண்டு தடவை ஆடி நின்றது.

சும்மா உட்கார முடியாது என்று கஸ்டமர் ஜாக்கெட் ஒன்றைக் கொக்கி கட்டக் கொண்டுபோயிருந்தேன். ஆறு கொக்கி. அரை மணி நேர வேலை. கட்டுவேன், பிரிப்பேன், கட்டுவேன். ஐந்து மணி நேரம் அந்த ஆறு கொக்கிதான். ஊருக்கு வந்து பார்த்தால் அத்தனையும் காஜா வர வேண்டிய பட்டியில் கட்டியிருக்கிறேன். அந்த அக்கா அப்படியே வாங்கிக்கொண்டார்கள், பிரிக்க விடவில்லை.

ஒரு மணி சுமாருக்கு சர்ஜன் வந்தார். தொப்பியைக் கழற்றினபடி "ஆச்சு, நல்லபடியா ஆச்சு" என்றார். முதல் கேள்வியாக நான் கேட்டது என்ன தெரியுமா? "தையலை ஏன் சார் ஜிக்ஜாக்கா போட்டிருக்கீங்க?" கொஞ்சம் முன்னால் உள்ளேயிருந்து வந்த நர்ஸ் சொல்லியிருந்தார், அதுவே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்: நேர்க்கோடாகக் கீறினால் பிறகு தலை நனையும்போது முடி ரெண்டாகப் பிரிந்து தழும்பு பளிச்சென்று தெரியும், வளைத்து வளைத்துக் கீறினால் முடி மேலே விழுந்து மறைத்துவிடும். சேலைக்கு ஃபால்ஸ் ஜிக்ஜாக் அடிக்கிறவளுக்கு அது உடனே புரிந்தது. மற்ற எதுவும் அன்றைக்குப் புரியவில்லை.

நானூறு மில்லி ரத்தம் ஏற்றினார்கள்.

ஜூன் 20, இரவு 8.00

அவர் படித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறார். நானூறு இல்லை, டிஸ்சார்ஜ் சீட்டில் 160 மில்லி என்றுதான் இருக்கிறது. எட்டு கிலோ பிள்ளைக்கு உடம்பில் மொத்த ரத்தமே 640 மில்லி அளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால்கூட வராது. 160 என்பது அதில் கால் பங்கு. என் பயத்தில் அது நானூறாக வளர்ந்திருக்கிறது.

ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் என்று ஒரு மருந்து ஏற்றினார்களாம். பேரைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த பேர். மாதவிலக்கில் அதிகமாகப் போகிறது என்று எனக்கு எழுதிக்கொடுத்த அதே மருந்து.

ஜூன் 23, மாலை 5.15

ஆபரேஷனைவிட அடுத்த ரெண்டு நாளுக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். அதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நான் காதில் வாங்காமல் இருந்திருக்கலாம்.

ஐ.சி.யூ.வில் தலைப்பாகை மாதிரிக் கட்டு, பக்கத்தில் ரத்தம் வடிகிற குழாய். முதல் நாள் முகம் ஓரளவு அவன் முகம்தான். மறுநாள் வீங்கிவிட்டது. ரெண்டு கண்ணும் மூடிக்கொண்டன, இமை பன் மாதிரி. திறக்கவே முடியாது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான், மூன்றாம் நாளிலிருந்து இறங்கும்.

கண் தெரியாத பிள்ளை சத்தத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கும். நான் பேசினேன், பாடினேன், திரும்பவில்லை. ஐ.சி.யூ.வில் மாஸ்க் போட்டுப் பேசினால் எல்லோர் குரலும் ஒன்றுதான். அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்லி வாசலிலேயே வாங்கிவைத்துவிட்டார்கள். ஒன்பது மாதமும் நான் வருவது அவனுக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும். அங்கிருந்த மலையாளி நர்ஸிடம் கேட்டேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் வளையலைப் போட்டு, கவரை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தார். ஆட்டினேன். தலை ஒரு இம்மி திரும்பியது. கை வந்து காற்றில் தேடியது.

மூன்றாம் நாள் சாயந்தரம் இடது கண் மட்டும் கீற்றாகத் திறந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஃபேனையே பார்த்தான், என்னை இல்லை. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ்.

ஜூன் 23, மாலை 5.40

செலவு கேட்டவருக்கு: எங்கள் காப்பீட்டு அட்டை நாங்கள் போன இடத்தில் எடுபடவில்லை. சீட்டுப் பணம், நகை, அவர் முதலாளியிடம் முன்பணம். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷ வருமானம் 1,20,000க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியா, இந்த ஆபரேஷன் பட்டியலில் வருகிறதா என்று தேதி வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். நாங்கள் தேதி வாங்கிவிட்டுக் கேட்டோம்.

ஜூலை 2, இரவு 9.50

அத்தைக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பரிசல் வரைக்கும் சிரித்தார். மொட்டை வந்ததும், "என்னைய வில்லி மாதிரி எழுதி வெச்சிருக்கிறியே கண்ணு" என்றார். அதனால் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் அத்தை காலில் போட்டுக் குளித்தவர்கள். மூக்கைப் பிடித்துவிட்டு, தலையை உருட்டி, சாம்பிராணி போட்டுக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். சின்னவன் தலை நீண்டதும் ஊரே அவரைக் கேட்டது: "என்னா, உன் பேரனுக்கே உருட்டத் தெரியலயா?" அந்த ரோஷத்தில்தான் அந்த நாலு மாதமும் அப்படி உருட்டினார்.

ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராண்டாவில், ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, நான் சொன்னேன்: "நீங்க அழுத்தி அழுத்தித்தான் மூடிப்போச்சு." அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் கன்னடம் பேசி எங்களுக்கு வழி கேட்டுக்கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். கையால் அழுத்தி மூட வைக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது, இந்தத் தையல் பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கும்போதே மூடிவிடுகிறது என்றார். அதாவது அத்தை கை படுவதற்கு முன்பே. என் வயிற்றுக்குள். அதற்கு நானும் பொறுப்பில்லை என்று அவரே சேர்த்துச் சொன்னார், என் முகம் போன போக்கைப் பார்த்து.

வந்து அத்தையிடம் சொன்னேன். "சரி விடு" என்றார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டன. கூப்பிட்டும் அவர் போகவில்லை. முழங்கால் வலி என்கிறார்.

ஜூலை 3, காலை 7.00

நேற்று எழுதினதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜூன் 10ஆம் தேதிக் குறிப்பில் "உருட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். உருட்டினது நான் இல்லை. அதையும் திருத்திக்கொள்ளுங்கள். பாட்டியிடம் பேசும்போது பக்குவமாகப் பேசுங்கள் தம்பி. எண்ணெய் வைப்பதில் தப்பில்லை, மூக்கிலும் காதிலும் ஊற்றாமல் இருந்தால் போதும்.

ஜூலை 11, இரவு 10.30

"நாலு மாதம் வீணாகாமல் இருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்குமே, வருத்தமில்லையா?" இருந்தது. ரொம்ப நாள் இருந்தது. ஒரு வருஷம் கழித்துக் காட்டப்போனபோது, ஹெல்மெட் போட்ட பிள்ளையோடு கோலார்க்காரம்மா ஒருத்தி வந்திருந்தாள். மே மாத வெயிலில் அந்த ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டுவதே அவளுக்குப் பொழுதாக இருந்தது. பிள்ளையின் நெற்றியெல்லாம் வேர்க்குரு. என் பையனின் தழும்பைப் பார்த்து அவள் பயந்தாள், அவள் பையனின் ஹெல்மெட்டைப் பார்த்து நான் பயந்தேன். ரெண்டு தலையும் கடைசியில் ஒன்று போலத்தான் இருந்தன.

அதற்காகத் தள்ளிப்போடலாம் என்று அர்த்தமில்லை. கண் டாக்டர் உள்நரம்பைப் பார்த்துவிட்டு, மண்டைக்குள் அழுத்தம் ஏறவில்லை என்று சொன்னதால்தான் எங்களுக்கு அந்த அவகாசம் கிடைத்தது.

ஜூலை 19, மதியம் 12.20

அறிவு வளர்ச்சி பற்றிக் கேட்கிறார்கள். பேசுகிறான், அதிகமாகவே. வருஷத்துக்கு ஒரு தடவை தலையும் கண்ணும் காட்டுகிறோம்.

ஒரு பயம் மட்டும் சொல்கிறேன், உங்களுக்கும் வரலாம். எலும்பைப் பிடித்துவைக்கக் கரைகிற தகடு வைத்திருந்தார்கள், இரும்பு இல்லை. எட்டு மாதம் கழித்து நெற்றியோரம் புளியங்கொட்டை அளவு ஒரு முடிச்சு. ராத்திரியோடு ராத்திரியாக டெம்போவை எடுக்கச் சொல்லிவிட்டேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், பார்த்துவிட்டு, தகடு கரையும்போது அந்த இடம் கொஞ்சம் மேடு தட்டும், தானாக அடங்கும் என்றார்கள். அடங்கிவிட்டது. சிவந்தாலோ சூடாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோதான் உடனே ஓட வேண்டும்.

ஆகஸ்ட் 4, இரவு 9.15

தம்பி, தேதி கிடைத்துவிட்டது, பாட்டியும் கூட வருகிறார் என்று படித்தேன். ஹெல்மெட் முறைதான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது.

என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டீர்கள். ஸ்கேன் தட்டு, தடுப்பூசி அட்டை, ரத்தம் கொடுக்கிறவர்களின் ஆதார் நகல். உங்கள் மனைவிக்கு மாற்று ஜாக்கெட் நிறைய. மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும், சட்டை தவிர. கடையில் விற்கிற பனியன் எல்லாம் தலை வழியாக மாட்டுவது. கட்டுப் போட்ட தலையில் அது நுழையாது. எங்களிடம் இருந்த அத்தனையும் அப்படித்தான், கத்தரிக்கோல் வாங்கிவந்து நடுவில் வெட்டிப் போட்டுவிட்டேன்.

மல் துணியில் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, பட்டன் இல்லாமல் நாடா வைத்து, நாலு தைத்து வைக்கிறேன். அத்தை நாடா திருப்பித் தருகிறேன் என்கிறார், முழங்கால் வலிக்கு அது ஒத்துவருமாம். மார்புச் சுற்றும் கை நீளமும் மட்டும் அனுப்புங்கள். புது டேப் வாங்கிவிட்டேன். புதன்கிழமை பாலக்கோடு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.